ரத்தம் மட்டும் போதாதா, நஞ்சுக்கொடியும் வேண்டுமா?

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
எனக்கு ஏழாம் மாதம். செக்கப்புக்குப் போன இடத்தில், ஒரு ஆய்வுக்காக இப்போது ரத்தமும் பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியில் ஒரு துண்டும் தருவீர்களா என்று கேட்டார்கள். இரண்டிலும் டி.என்.ஏ. மெத்திலேஷனை, அதாவது டி.என்.ஏ.மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளை, ஒப்பிடப் போகிறார்களாம். எனக்குச் சம்மதம்தான். ஆனால் நஞ்சுக்கொடியைத் தென்னைக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று மாமி பிடிவாதமாக இருக்கிறார். ஒரே உடம்புதானே, ரத்தத்தை வைத்தே பார்த்துவிட முடியாதா? விலங்கியல் படித்தவள், விளக்கமாகவே சொல்லுங்கள்.

பாம்பன் அக்கா:
முடியாதும்மா. இதே வேலையைத்தான் ஆய்வகத்தில் ஒன்பது வருஷமாகச் செய்கிறேன். நஞ்சுக்கொடி கருவிலிருந்து வளர்வது, அதன் டி.என்.ஏ.வில் பாதி உங்கள் வீட்டுக்காரருடையது. ரத்தத்தில் நாங்கள் படிப்பது உங்கள் வெள்ளணுக்களை. பாம்பன் பாலத்தில் நின்று வடக்கே பெண்கடலை (பாக் விரிகுடா) பார்த்துவிட்டுத் தெற்கே ஆண்கடலின் (மன்னார் வளைகுடா) நீரோட்டத்தைச் சொல்ல முடியுமா?

மெத்தில் குறி ஜீனின் எழுத்தை மாற்றாது, அது வேலை செய்யுமா அடங்கியிருக்குமா என்பதில்தான் கை வைக்கும். நஞ்சுக்கொடியில் மொத்தமாகவே இந்தக் குறி குறைவு. மாஸ்பின் ஜீனில் உங்கள் ரத்த அணுக்களில் குறி இருக்கும், நஞ்சுக்கொடியில் இருக்காது. ஆர்.ஏ.எஸ்.எஸ்.எஃப்.1ஏ ஜீனில் அப்படியே தலைகீழ். தாயின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், கருவின் டி.என்.ஏ. மிதப்பதை விஞ்ஞானி டென்னிஸ் லோவின் குழு 1997-ல் காட்டியது. அது பெரும்பாலும் நஞ்சுக்கொடி உதிர்ப்பது. ஆண் கரு என்றால், அது கருவின் டி.என்.ஏ.தான் என்று ஒய் குரோமோசோம் காட்டிக்கொடுக்கும். பெண் கரு என்றால்? இந்தக் குறி வித்தியாசம்தான் அங்கே கைகொடுத்தது. எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இது.

ஒன்று கேட்டுவையுங்கள். கர்ப்பத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை கூடும், வெள்ளணுக் கலவையே மாறும். அந்தக் கணக்கைக் கழிக்காவிட்டால், அணுக்களின் விகிதம் மாறியதையே குறி மாறியதாக எடுத்துக்கொள்வார்கள்.

லேபர் வார்டு சிஸ்டர்:
துண்டை எங்கே வெட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். குழந்தைப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். கர்ப்பப்பையில் ஒட்டியிருந்த பக்கத்தில் அம்மாவின் திசு கலந்திருக்கும். துண்டில் ஒட்டியிருக்கும் ரத்தத்தை நன்றாகக் கழுவிவிட்டு, துண்டை உடனே உறைய வைக்கணும். நம்ம ஊர் வெக்கையில் தட்டிலேயே கிடக்கக் கூடாது. அப்புறம், எடுப்பது சின்னத் துண்டுதான். மீதியைத் தருவார்களா என்று இப்போதே கேளுங்கள்.

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
ரொம்ப நன்றி. மாமியிடம் சொன்னேன், "மீதி வந்தால் போதும்" என்றார். திங்கட்கிழமை போகும்போது வெள்ளணுக் கணக்கையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.