செஞ்சிக் குன்றுகளில் உருண்டைப் பாறைகள் குவிந்திருப்பது எதனால்?

கேள்வி:
திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில், செஞ்சியை நெருங்கும்போது தெரியும் குன்றுகள் யாரோ பாறைகளை அள்ளிக் கொட்டியவை போலக் காட்சி தருகின்றன. எரிமலை சிதறியது என்கிறார்கள் சிலர். ஆறு உருட்டியது என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

மறுமொழி 1:
இரண்டும் இல்லை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகிய கிரானைட் இது. மேலே இருந்த பாறைகள் அரிப்பினால் நீங்கி அழுத்தம் குறைந்தபோது, அதில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் விழுந்தன. அவற்றின் வழியே இறங்கிய நீர், பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண்ணாக மாற்றியது. விரிசல்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டிலும் மூலைகளை மூன்று பக்கங்களிலிருந்தும், விளிம்புகளை இரண்டு பக்கங்களிலிருந்தும் நீர் தாக்குவதால், அவையே முதலில் சிதைந்து, நடுப்பகுதி உருண்டையாக எஞ்சுகிறது.

மறுமொழி 2:
இந்த உருண்டையாக்கத்தின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் நடந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் மழைநீர் தளர்ந்த மண்ணை அடித்துச் சென்றதால், உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்துவிட்டன. பாறையடியில் கிடக்கும் சொரசொரப்பான மணலை அள்ளிப் பாருங்கள். அதில் மின்னும் மணிகள், எளிதில் சிதையாத குவார்ட்ஸ் என்னும் கனிமம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையும் இவ்வகைதானா?

மறுமொழி 1:
ஆம், அதுவும் சிதைவினால் உருண்ட கிரானைட் பாறையே.