எந்தப் பதிவை அதிகம் பேர் படிக்கிறாங்க? ரெண்டு இடத்துல ரெண்டு கணக்கு காட்டுது, உதவி தேவை (அவசரம்)

கொல்லைப்புறம் | புதன் இரவு 10:52
வணக்கம். என் பதிவுகள்ல எதுக்கு வாசகர் அதிகம்னு எடுக்கணும். ஒரு இடத்துல பார்த்தா 2011-ல போட்ட பெண் குழந்தைப் பெயர்ப் பட்டியல்தான் முதலிடம், 41,000. இன்னொரு இடத்துல அது பத்துக்குள்ளயே வரல. முதல் கணக்குல மூணாவதா நிக்கிறது "சோதனை"ன்னு தலைப்பு வச்ச ரெண்டு வரிப் பதிவு! எதை நம்புறது? 25 பதிவு பொறுக்கி ஞாயித்துக்கிழமைக்குள்ள மின்னூலுக்கு அனுப்பணும். சீக்கிரம் சொல்லுங்க.

கடைசிபெஞ்ச் | புதன் இரவு 11:03
எந்த "ஒரு இடம்", எந்த "இன்னொரு இடம்"? பிளாக்கரா வேர்ட்பிரஸா? அதைச் சொல்லாம என்னத்த சொல்றது.

ரோபோமுனி | புதன் இரவு 11:10
எல்லாம் போட் (ஆள் இல்லாம தானா பக்கங்களைத் திறக்கிற நிரல்) வேலை. செயற்கை நுண்ணறிவு கம்பெனிக்காரங்க பழைய பதிவு எல்லாத்தையும் வழிச்சு எடுக்கிறாங்க. செட்டிங்ஸ்ல கஸ்டம் ரோபாட்ஸ் கோப்பை (எந்த போட் வரலாம், வரக்கூடாதுன்னு சொல்றது) ஆன் பண்ணி ஜிபிடிபாட், சிசிபாட் ரெண்டுக்கும் தடை போடுங்க, கணக்கு சரியாயிடும்.

நிழற்குடை | புதன் இரவு 11:24
தடை போட்டால் இனி வருவது குறையும், அதுவும் சொல்பேச்சு கேட்கும் போட் மட்டும். ஏற்கெனவே ஏறிய 41,000 இறங்காது. அந்தக் கோப்பில் கை வைக்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லாருக்கும் பொதுவான பகுதியில் தடை வரிக்கு நேரே வெறும் சாய்கோடு மட்டும் விழுந்தால் கூகுளுக்கும் சேர்த்துக் கதவு அடைபடும். லேபிள் பக்கங்களைத் தடுக்கும் வரி பிளாக்கர் கொடுக்கும் கோப்பிலேயே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

கொல்லைப்புறம், மூன்று விவரம் வேண்டும். எந்த எண்ணி (பார்வைகளை எண்ணும் கருவி), எத்தனை நாள் கணக்கு, சொந்த டொமைன் உண்டா?

மூத்தபதிவர் | வியாழன் காலை 6:15
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! தேடிப் பார்க்கும் பழக்கமே இல்லை. பார்வை எண்ணிக்கை வேறு, வாசிப்பு வேறு என்பது அரிச்சுவடி. இன்னொன்று, நீங்கள் எழுதியது பதிவு அல்ல, இடுகை. வலைப்பதிவு என்பது மொத்தத் தளம், அதில் இடுவது இடுகை. இதைக் கூடத் தெரியாமல் மின்னூல்.

கொல்லைப்புறம் | வியாழன் காலை 7:40
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். பிளாக்கர்தான், சொந்த டொமைன் இல்ல. 2009-லேர்ந்து 640 பதிவு. 41,000 காட்டுறது பிளாக்கருக்குள்ளயே இருக்கிற ஸ்டாட்ஸ். இன்னொண்ணு ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4), போன வருஷம் புது தீம் போட்டப்போ சேர்த்தது. நாள் கணக்கு எதுவும் நான் மாத்தல, வந்தபடியே பார்த்தேன்.

நிழற்குடை | வியாழன் காலை 8:02
"வந்தபடியே", அங்கேதான் பாதிச் சிக்கல். நீங்கள் ஸ்டாட்ஸில் பார்த்தது ஆரம்பம் முதல் இன்று வரை. ஜிஏ4 திறந்ததும் காட்டுவது கடைசி 28 நாள். பதினைந்து வருட உண்டியலையும் ஒரு மாதச் சில்லறையையும் பக்கத்தில் வைத்து ஏன் பொருந்தவில்லை என்று கேட்கிறீர்கள். இரண்டிலும் 30 நாள் வைத்து மொத்தப் பார்வையையும் நாடு வாரியாகவும் எடுத்துப் போடுங்கள்.

வெட்டிவேர் | வியாழன் காலை 8:30
ஜிஏ4 கோட் எங்க இருக்குன்னும் பாருங்க. செட்டிங்ஸ்ல அனலிட்டிக்ஸ் மெஷர்மென்ட் ஐடின்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஐடி போட்டுட்டு, தீம் எச்டிஎம்எல்லயும் அதே கோடை ஒட்டியிருந்தா ஒரு பார்வை ரெண்டா விழும். கண்டுபிடிக்க சுலப வழி: போன்ல ஒரு பதிவைத் திறங்க, ஜிஏ4 ரியல்டைம்ல ஒரே ஆள் ரெண்டு பார்வையா வர்றாரான்னு பாருங்க. ஒண்ணுமே வரலேன்னா தீம்ல அனலிட்டிக்ஸ் இன்க்ளூட் வரி இல்லேன்னு அர்த்தம். வெளியில வாங்குற தீம்கள்ல அது அடிக்கடி விட்டுப்போயிருக்கும். ஐடி யூஏன்னு ஆரம்பிச்சா அது பழைய அனலிட்டிக்ஸ், 1 ஜூலை 2023 அன்னிக்கே எண்றதை நிறுத்திடுச்சு. "ஜி"ன்னு ஆரம்பிக்கிற ஐடிதான் வேணும்.

தலைப்புச்செய்தி | வியாழன் காலை 9:11
எண்ணி ஆராய்ச்சி எதுக்கு? தலைப்புல "எப்படி", "ஏன்"னு வச்சு காலை 7 மணிக்குப் போட்டா ஓடும். சினிமா, ஜோசியம், சமையல், இந்த மூணைத் தவிர தமிழ்ல எதுவும் ஓடாது.

கடைசிபெஞ்ச் | வியாழன் காலை 9:20
அவங்க கேட்டது இனிமே ஓட வைக்க இல்ல, இதுவரை ஓடினது எதுன்னு.

பனங்கூடல் | வியாழன் மதியம் 1:05
மூத்தபதிவர் ஐயா, பதிவு எண்டுதான் சனம் கதைக்குது. பதிவர் சந்திப்பு எண்டுதானே வச்சவை, இடுகையர் சந்திப்பு எண்டு ஆரும் வச்சவையோ?

மூத்தபதிவர் | வியாழன் மதியம் 1:30
பதிவர் என்றால் வலைப்பதிவர் என்பதன் சுருக்கம். அது சரியே. வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தில் "சூடான இடுகைகள்" என்றுதான் இருந்தது, "சூடான பதிவுகள்" என்று இல்லை. போட்டவர்களுக்குத் தமிழ் தெரியும்.

கடைசிபெஞ்ச் | வியாழன் மதியம் 1:34
சூடான இடுகைல வந்ததெல்லாம் நல்லா வாசிக்கப்பட்டதா? சண்டை நடந்த இடம்தான் அங்க வரும். இன்னைக்கு இவங்க பார்க்கிற கணக்கும் அதே கதைதான்.

கொல்லைப்புறம் | வியாழன் இரவு 9:48
30 நாள் வச்சேன். ஸ்டாட்ஸ் 11,400. ஜிஏ4 1,870. ஸ்டாட்ஸ்ல சிங்கப்பூர் 7,100, இந்தியா 2,050, அமெரிக்கா 1,600, மத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். ஜிஏ4-ல இந்தியா 1,310. ஐடி ஒரே இடத்துலதான் இருக்கு. சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்க இவ்ளோ பேர் படிக்கிறாங்கன்னு நினைக்கவே இல்ல 🙂

நிழற்குடை | வியாழன் இரவு 10:20
மகிழ்ச்சியைக் கெடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் தமிழர்கள் இருப்பதால்தான் நம் பதிவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். பெரிய கிளவுட் நிறுவனங்களின் டேட்டா சென்டர்கள் அங்கே நிறைய. அங்கிருந்து ஓடும் போட் எல்லாம் "சிங்கப்பூர் வாசகர்" ஆகிவிடும். ஸ்டாட்ஸில் 7,100, ஜிஏ4-இல் மொத்தமே 1,870 என்றால் அது ஆள் அல்ல.

காரணம் எண்ணும் விதம். பிளாக்கர் ஸ்டாட்ஸ் பக்கம் கேட்கப்பட்டாலே எண்ணிவிடும். ஜிஏ4 பக்கத்தில் உள்ள ஸ்கிரிப்ட் பிரவுசரில் ஓடினால்தான் எண்ணும், தெரிந்த போட்களைத் தானே கழித்துவிடும். ஆனால் ஜிஏ4 குறைத்துக் காட்டும் பக்கமும் உண்டு. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் அதில் விழமாட்டார். ஆகவே இந்தியாவுக்கு உண்மை 1,310-க்கும் 2,050-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த 2,050-இல் நீங்களே பிழை திருத்தத் திறந்ததும் சேர்ந்திருக்கும். ஸ்டாட்ஸில் சொந்தப் பார்வையை எண்ணாதே என்ற வசதி குக்கியை நம்பி இருப்பது. ஒவ்வொரு பிரவுசரிலும் தனியாக வைக்க வேண்டும், குக்கியை அழித்தால் போய்விடும்.

"சோதனை" மூன்றாவதாக வருவதும் இதே வகை. அறிமுகமில்லாத ரெஃபரர் (பார்வை எங்கிருந்து வந்தது என்று காட்டும்) முகவரிகள் ஸ்டாட்ஸில் தெரிந்தால் என்னவென்று பார்க்கக்கூடச் சொடுக்காதீர்கள். சொடுக்க வைப்பதற்காகவே அனுப்பப்படுபவை அவை.

வெட்டிவேர் | வியாழன் இரவு 10:41
ஜிஏ4-ல முதல் வரில வெறும் சாய்கோடு இருக்கா? அது முகப்புப் பக்கம். அதுக்கு எவ்ளோ, முகப்புல எத்தனை பதிவு முழுசா காட்டுறீங்க?

கொல்லைப்புறம் | வெள்ளி காலை 6:55
ஆமா, அதுக்கு 640 பார்வை. ஏழு பதிவு முழுசா வருது. ஜிஏ4-ல ஒவ்வொரு பதிவோட முகவரியும் பிளாக்-போஸ்ட் போட்டு ஒரு நம்பரா இருக்கு, எது எதுன்னே தெரியல.

வெட்டிவேர் | வெள்ளி காலை 7:20
அப்ப மூணுல ஒரு பங்கு பார்வை எந்தப் பதிவு கணக்குலயும் ஏறல. முகப்புக்கு வந்து அங்கேயே ஏழையும் உருட்டிப் படிச்சுட்டுப் போறவங்கதான் உங்க நிரந்தர வாசகர்கள். கூகுள்ல பெயர்ப் பட்டியல் தேடி வந்தவர் மட்டும் அந்தப் பதிவுக்கு நேரா வந்து விழறார். அதனால பட்டியல் ஜெயிக்குது, கட்டுரை தோக்குது. இனிமே ரெண்டு பத்தி தள்ளி ஜம்ப் பிரேக் ("மேலும் படிக்க" இணைப்பு) வைங்க. ஃபீடும் (புதுப் பதிவை வாசகரோட ரீடர் செயலிக்குத் தானா அனுப்புறது) முழுசா போனா ரீடர்லயே படிச்சிடுவாங்க, அதுவும் எண்ணிக்கைல வராது. செட்டிங்ஸ்ல ஃபீடையும் ஜம்ப் பிரேக் வரைக்கும்னு வைக்கலாம். வாசகருக்கு எரிச்சல்தான், உங்க இஷ்டம்.

நம்பர் சிக்கல்: தலைப்பு முழுக்கத் தமிழ்ல இருந்தா பிளாக்கருக்கு முகவரி செய்யத் தெரியாது. பிளாக்-போஸ்ட், அடிக்கோடு, ஒரு எண்ணு வச்சிடும். புதுப் பதிவுக்கு வெளியிடறதுக்கு முன்னாடியே பெர்மாலிங்க் (பதிவோட முகவரி) கட்டத்துல கஸ்டம் எடுத்து ஆங்கில எழுத்துல ரெண்டு மூணு சொல் போடுங்க. பழசை மாத்த வேண்டாம். மாத்தினா பழைய முகவரி செத்துப்போகும், ரீடைரக்ட் போட்டாலும் ஜிஏ4-லயும் சர்ச் கன்சோல்லயும் (கூகுள் தேடல்லேர்ந்து வர்றவங்களைக் காட்டுற கருவி) புது முகவரி பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும். ஜிஏ4-ல முதல் நெடுவரிசையை பேஜ் பாத்லேர்ந்து (முகவரி) பேஜ் டைட்டிலுக்கு (தலைப்பு) மாத்துங்க, தமிழ்த் தலைப்பே வரும். நடுவுல தலைப்பைத் திருத்தியிருந்தா ஒரே பதிவு ரெண்டு வரியா வரும், கூட்டிக்கோங்க.

பனங்கூடல் | வெள்ளி காலை 10:12
போனில வாறவைக்கு முகவரிக் கடைசியில கேள்விக்குறியோட எம்=1 ஒட்டும். பேஜ் டைட்டில் வச்சுப் பாத்தா அதுவும் சேந்துதான் வரும், பயப்பிடாதேங்கோ. உங்கட பழைய பதிவுகளுக்குள்ள பிளாக்ஸ்பாட் டாட் இன் எண்டு முடியிற இணைப்பு இருக்கோ எண்டும் தேடிப் பாருங்கோ. 2012 தொடக்கம் இந்தியாவில இருந்து திறந்தா அந்த முகவரிக்குத்தான் திருப்பி விட்டது. 2020-ல அந்த டொமைன் கூகிளின்ர கையை விட்டுப் போட்டுது. அந்த இணைப்பெல்லாம் இப்ப உங்கட பக்கத்துக்கு வராது.

நிழற்குடை | வெள்ளி இரவு 8:37
ஞாயிற்றுக்கிழமைக் கெடுவுக்கு வருவோம். ஜிஏ4-இல் பேஜஸ் அண்ட் ஸ்கிரீன்ஸ் அறிக்கையைத் திறந்து, தேதி வரம்பை நீங்கள் ஜிஏ4 சேர்த்த நாளிலிருந்து வையுங்கள். எக்ஸ்ப்ளோர் பக்கம் போக வேண்டாம், அங்கே டேட்டா ரிடென்ஷன் (தரவைச் சேமித்து வைக்கும் காலம்) ஆரம்பத்தில் இரண்டு மாதம்தான். 14 மாதமாக இப்போது கூட்டினாலும் கழிந்தது திரும்பாது. அறிக்கையில் ஆக்டிவ் யூசர்ஸ் (வந்த ஆட்கள்), சராசரி என்கேஜ்மென்ட் நேரம் (பக்கம் கண்முன் இருந்த நேரம்) இரண்டையும் இறக்கி ஷீட்டில் போடுங்கள். ஒவ்வொரு பதிவையும் நிதானமாக வாசிக்க ஆகும் வினாடியைக் கடிகாரம் வைத்து ஒரு நெடுவரிசையில் எழுதுங்கள். பிறகு ஆட்களை நேரத்தால் பெருக்கி, அந்த வாசிப்பு நேரத்தால் வகுங்கள்.

உதாரணத்துக்கு, பெயர்ப் பட்டியலுக்கு 900 பேர், சராசரி 18 வினாடி, முழுதாக வாசிக்க 240 வினாடி என்றால் 67 முழு வாசிப்பு. ஒரு கட்டுரைக்கு 140 பேர், 150 வினாடி, வாசிக்க 210 என்றால் 100. பார்வையில் ஆறு மடங்கு பின்னால் நிற்பது வாசிப்பில் முந்திவிடுகிறது. 50 பேருக்குக் குறைவான வரிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு பேர் டேபைத் திறந்து வைத்து நகம் வெட்டினாலும் சராசரி ஏறிவிடும்.

ரோபோமுனி | வெள்ளி இரவு 9:02
அதுக்கு ஸ்க்ரோல் ஈவென்டே போதுமே. 90 சதவீதம் உருட்டினவங்க எத்தனை பேர்னு ஜிஏ4 தானே எண்ணுது.

நிழற்குடை | வெள்ளி இரவு 9:15
அந்த 90 மொத்தப் பக்கத்துக்கு, கட்டுரைக்கு அல்ல. கீழே 80 பின்னூட்டம் தொங்கும் பதிவில் கடைசி வரி வரை வாசித்தவரும் 90-ஐத் தொடமாட்டார். அதிகம் பேசப்பட்ட பதிவுதான் அதில் அடிபடும்.

மூத்தபதிவர் | சனி காலை 6:40
நிழற்குடையின் கணக்கு சரி. ஆனால் அது ஜிஏ4 வந்த பிறகு நடந்த வாசிப்பை மட்டுமே சொல்லும். 2009 முதல் 2013 வரையிலான இடுகைகளை மக்கள் தமிழ்மணம் போன்ற திரட்டி வழியாகவும், ஃபீடுகளை வாசிக்க உதவிய கூகுள் ரீடரிலும் வாசித்தார்கள். ரீடர் 1 ஜூலை 2013-இல் மூடப்பட்டது. அதில் வாசித்தது உங்கள் எந்த எண்ணியிலும் இல்லை. அந்தக் காலத்துக்குப் பின்னூட்டங்களைத்தான் சான்றாகக் கொள்ள வேண்டும். எண்ணிக்கையை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் சொந்த மறுமொழிகளையும் "மீ த ஃபர்ஸ்ட்டு", "ஆஜர்", வெட்டி அரட்டைக் கும்மி அனைத்தையும் கழித்துவிட்டு, கட்டுரையின் உள்ளே இருந்து ஏதேனும் எடுத்துப் பேசியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

கடைசிபெஞ்ச் | சனி காலை 7:58
ஐயா உருப்படியா சொல்லியிருக்கார், வரவேற்கிறேன். சர்ச் கன்சோலையும் ஒரு எட்டு பாருங்க. 16 மாசம் கிடைக்கும். சர்ச் டைப்பை இமேஜுக்கு மாத்தினா, எந்தப் பதிவுக்கு வெறும் படத்துக்காக வந்தாங்கன்னு தெரிஞ்சிடும். கோலம், பூஜை அலமாரி மாதிரிப் பதிவெல்லாம் அங்கதான் மாட்டும். மின்னூல்ல அதுக்கு வேலை இல்ல.

தலைப்புச்செய்தி | சனி காலை 8:10
படம் போட்டா ஓடும்னு நானும் அதான் சொன்னேன்.

பனங்கூடல் | சனி காலை 8:44
நீங்கள் சொன்னது சினிமா, ஜோசியம், சமையல்.

கொல்லைப்புறம் | ஞாயிறு மாலை 5:26
எல்லாருக்கும் நன்றி. வகுத்துப் பார்த்தேன். பெயர்ப் பட்டியல் 31-வது இடத்துக்குப் போயிடுச்சு, அம்மிக்கல் பத்தி எழுதினது மேல வந்துடுச்சு. பழைய பதிவுகளுக்குப் பின்னூட்டம் எண்ணினேன், பாதிக்கு மேல நானே "நன்றிங்க"ன்னு போட்டது. 25 அனுப்பியாச்சு. "சோதனை"யை டிராஃப்ட்ல போட்டுட்டேன்.

வெட்டிவேர் | ஞாயிறு இரவு 7:02
ஜம்ப் பிரேக் வச்சீங்களா?

மூத்தபதிவர் | திங்கள் காலை 6:11
25 இடுகைகள்.