ஃபவுண்டேஷன் இயர் வழியா ஹெல்த் சயின்சஸ், யாராவது படிச்சிருக்கீங்களா?

வணக்கம் மக்களே, இங்கிலாந்துல ஃபவுண்டேஷன் இயரோட (டிகிரிக்கு முன்னாடி வர்ற ஒரு வருஷ தயாரிப்புப் படிப்பு) ஹெல்த் சயின்சஸ் படிச்சவங்க இருக்கீங்களா? என்கிட்ட ஏ லெவல் (நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரி) கிடையாது, ஸ்கூல் முடிச்சு 11 வருஷம் ஆச்சு, இப்ப கேர் ஹோம்ல நைட் ஷிஃப்ட். மொத்தம் 4 வருஷம், முதல் வருஷம் பாஸானாதான் டிகிரிக்குள்ள விடுவாங்க, அது ஓகே. (கிளாஸ்ரூம் பாடங்களுக்கு மட்டும் 2025ல ஃபவுண்டேஷன் ஃபீஸை 5,760 பவுண்டா குறைச்சாங்க, ஹெல்த் சயின்சஸ் மாதிரி கோர்ஸுக்கு அப்போ 9,535 வரைக்கும் போச்சு, என்ன நியாயமோ)

என் ஆசை பிசியோ (பிசியோதெரபிஸ்ட்) ஆகறது. ஆனா வெறும் ஹெல்த் சயின்சஸ் டிகிரிய வச்சு எச்.சி.பி.சி.ல (பிசியோ மாதிரி வேலைக்கு அங்க பதிவு பண்ற அமைப்பு) பிசியோவா ரிஜிஸ்டர் பண்ண முடியாது, அவங்க அப்ரூவ் பண்ண பிசியோ கோர்ஸ்தான் வேணுமாம். அப்போ ஃபவுண்டேஷன் முடிச்சதும் அங்கயே பிசியோவுக்கு மாற விடுவாங்களா இல்ல திரும்ப யூகாஸ்ல (யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ற சைட்) முதல்ல இருந்து அப்ளை பண்ணணுமா? கெமிஸ்ட்ரி வேற சுத்தமா மறந்துபோச்சு, சமாளிச்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்