யாஸ் நோய்: புண் இல்லாதவர்களுக்கும் ஏன் ஆன்டிபயாட்டிக்?

புதுவாசகர் எழுதியது:

சில நாட்களாக யாஸ் நோயைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தோலோடு தோல் பட்டால் தொற்றுகிற புண்நோய், பெரும்பாலும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வருகிறது, கவனிக்காமல் விட்டால் எலும்பு வரை போய்க் கால் வளைந்துவிடும், மூக்கு சிதைந்துவிடும் என்று போட்டிருக்கிறது. இதை ஒழிக்க, நோய் இருக்கும் ஊரில் புண் உள்ளவர் இல்லாதவர் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அசித்ரோமைசின் கொடுக்கிறார்கள். சாதாரண சளிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிடாதே, கிருமி பழகிப்போகும் என்று நம்மிடம் சொல்லிவிட்டு, ஆயிரக்கணக்கான பேருக்கு இப்படி அள்ளிக் கொடுப்பது சரியா? புண் உள்ளவர்களைத் தேடிக் கொடுத்தால் போதாதா?

ஆய்வகவாசி:

போதாது. இந்தக் கிருமி சிபிலிஸ் கிருமியின் நெருங்கிய உறவு. புண் ஆறின பிறகும் உடம்புக்குள் பதுங்கிக் கிடந்து, சில வருடம் கழித்துக்கூட மறுபடி புண்ணாகக் கிளம்பும். அப்படிப் பதுங்கலாக வைத்திருப்பவர்கள் கண்ணில் படுகிற நோயாளிகளைவிட அதிகம், பார்த்தால் ஆரோக்கியமாகவே தெரிவார்கள். நீங்கள் 'நோயே இல்லாதவர்' என்று நினைக்கிறவர்களில் இவர்களும் இருக்கிறார்கள்.

1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 46 நாடுகளில் சுமார் 5 கோடிப் பேருக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். நோய் 95 சதவீதம் குறைந்தது. அப்புறம் மற்ற வேலைகள் வந்தன, கண்காணிப்பு தளர்ந்தது, பல இடங்களில் நோய் திரும்பிவிட்டது. அந்த மிச்சம் 5 சதவீதத்தை விட்டுவிட்டதற்கு அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் தாங்க முடியாத விஷயம்.

பப்புவா நியூ கினியில் ஓரியோல் மித்ஜா குழு நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், வாய்வழியாக ஒரே தடவை கொடுக்கும் அசித்ரோமைசின் அந்த ஊசிக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. உடல் எடைக் கிலோவுக்கு 30 மில்லிகிராம், அதிகபட்சம் 2 கிராம். ஊசியும் இல்லை, ஊசி போடத் தெரிந்த ஆளும் தேவையில்லை. ஊர் முழுக்கக் கொடுப்பது என்ற திட்டம் அதே ஆண்டில் வந்தது.

தீவுக்காரன்:

மேலே சொன்னது சரி, ஆனால் பாதிக் கதை. 2013இல் அதே நாட்டின் லிஹிர் தீவில் சுமார் 16,000 பேரில் 13,000 சொச்சம் பேருக்குக் கொடுத்தார்கள். கண்ணில் தெரிகிற நோய் 2.4 சதவீதத்திலிருந்து ஒரே வருடத்தில் 0.3க்கு இறங்கியது. எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் இரண்டு வருடத்துக்குப் பிறகு மறுபடி ஏறத் தொடங்கியது. அன்று விடுபட்டவர்களிடம் கிருமி தங்கிவிட்டதுதான் பெரிய காரணம். அதைவிடக் கவலையானது, அசித்ரோமைசினுக்கு அடங்காத கிருமி 5 பேரிடம் கிடைத்தது. ஆக உங்கள் பயம் வெறும் பயம் இல்லை.

புதுவாசகர்:

அப்படியானால் இன்னும் அதிகமாகக் கொடுத்தால் இன்னும் பழகிப்போகாதா?

தீவுக்காரன்:

அந்த ஆபத்து உண்டு. ஆனாலும் அரைகுறையாகக் கொடுத்து நோயை வருடக்கணக்கில் இழுப்பதைவிட, சீக்கிரம் முடிப்பது மேல் என்றே நினைக்கிறேன். லிஹிர் இருக்கும் நியூ அயர்லாந்து மாகாணத்திலேயே அடுத்த ஆய்வு நடந்தது. ஒரு பகுதிக்கு ஆறு மாத இடைவெளியில் மூன்று சுற்று, இன்னொரு பகுதிக்கு ஒரு சுற்றும் அப்புறம் நோயாளிகளைத் தேடிக் கொடுப்பதும். 18 மாதத்தில் மூன்று சுற்றுப் பகுதியில் நோய் 0.04 சதவீதம், மற்றதில் 0.16. 2022இல் வெளியான முடிவு இது. அங்கேயும் மருந்துக்கு அடங்காத கிருமி 3 பேரிடம் இருந்தது. பழைய பென்சிலின் ஊசி அதற்கு இன்னும் கேட்கிறது என்பதால் தப்பிக்கிறோம். ஆனால் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்தால்தானே ஊசி போட முடியும்? புண்ணைத் துடைத்தெடுத்துச் சோதிக்கும் வசதி இல்லாத இடத்தில் மாத்திரையை மட்டும் கொட்டிவிட்டு வருவதை நான் ஏற்க மாட்டேன்.

நடைவழி:

ஒன்று சேர்க்கிறேன். புண் உள்ளவரையும் அவரோடு பழகுபவரையும் தேடிக் கொடுக்கும் முறையிலேயே இந்தியா யாஸை ஒழித்திருக்கிறது. 1996இல் ஆரம்பித்து, பழங்குடி ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பென்சிலின் ஊசி போட்டார்கள். கடைசி நோயாளி 2003இல். அதற்குப் பிறகும் தேடுவதை நிறுத்தவில்லை, யாஸ் இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் அறிவித்தது. அதனால் புதுவாசகர் கேட்ட முறை நடக்காத காரியம் இல்லை, ஆனால் அவ்வளவு வருடம் நடக்க ஆள் வேண்டும். எந்த முறையாக இருந்தாலும், மருந்து கொடுத்த நாளில் தோட்டத்துக்கோ பக்கத்துத் தீவுக்கோ போயிருந்தவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே திரும்பிப் போகிறார்களா என்று முதலில் கேளுங்கள்.