பூச்சி மாத்திரை போட்டும் புழு ஏன் திரும்ப வருகிறது? – அனுபவப் பகிர்வு

சுகாதாரப் பணியாளர்:
மாத்திரை கொடுத்துச் சில மாதத்தில் அதே பிள்ளைகளிடம் மறுபடி புழு தெரிந்தால், மருந்தில்தான் கோளாறு என்று பேச்சு எழுகிறது. பெரும்பாலும் அப்படி இல்லை. அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை (1 வயதுக்கு மேல் 2 வயதுக்குள் 200) குடலில் இருக்கும் உருளைப்புழுவை அகற்றிவிடும். மண்ணில் கிடக்கும் முட்டையை அதனால் தொடக்கூட முடியாது. ஒரு பெண் உருளைப்புழு நாளுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். நிழலான ஈரமண்ணில் அவை வருடக்கணக்கில் கிடந்து, கை, உணவு வழியே மறுபடி வயிற்றுக்குள் போகும். குடலில் வாழும் இன்னொரு வகையான சாட்டைப்புழுவுக்கோ ஒரு வேளை போதாது.

சின்னப் பிள்ளைக்கு மாத்திரையைப் பொடித்து நீரில் குழைத்துக் கொடுங்கள். அழும்போது மூக்கைப் பிடித்து ஊற்றவே கூடாது, புரையேறிவிடும்.

ஆய்வக நுட்பர்:
கீரிப்பூச்சிக்கு மண்ணே வேண்டாம். இரவில் ஆசனவாயைச் சுற்றி இட்ட முட்டை சில மணி நேரத்திலேயே தொற்றத் தயாராகிவிடும். மலப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன், செல்லோ டேப்பின் பசைப்பக்கத்தை அங்கே ஒற்றிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிப் பார்க்க வேண்டும்; மூன்று நாள் தொடர்ந்து. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து, 2 வாரம் கழித்து மறுபடி.

கொக்கிப்புழுவில் தவறு எங்கள் பக்கம் நடக்கும். மலத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசி, கிளிசரினால் தெளிவாக்கிப் பார்க்கும் பூச்சில் அதன் முட்டை சீக்கிரம் மறைந்துவிடும். அரை மணிக்குள் பார்க்காத சில்லுக்கு ‘புழு இல்லை’ என்று எழுதக் கூடாது.

கழிப்பறை கட்டுபவர்:
இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓட வேண்டும். நிறைந்ததை மூடி 2 வருடம் ஆறப்போட்டால்தான் முட்டைகள் சாகும். மலநீரை ஏதாவது ஒரு குழிக்குத் திருப்பிவிடும் பிரிப்புத் தொட்டியில் ஒரு வாயை அடைக்க மறந்தால் இரண்டும் சேர்ந்து நிறையும். ஆறவிட நேரமில்லாமல் ஈரமாகவே அள்ளுவார்கள், அள்ளியது வயலுக்குப் போகும், உயிருள்ள முட்டையோடு. நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தத் தொட்டியைத்தான்.

அடியில் சிமென்ட் பூசினால் நீர் இறங்காது. குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 2 மீட்டராவது மேலே, கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கோப்பையின் நீரடைப்பு (நாற்றத்தைத் தடுக்க வளைவில் தேங்கி நிற்கும் நீர்) 20 மி.மீ. இருந்தால் ஒன்றரை, இரண்டு லிட்டரில் மலம் போய்விடும். அதைவிட ஆழமானால் தண்ணீர் அதிகம் கேட்கும். குடத்தில் சுமக்கிற வீட்டில் கழிப்பறை பூட்டியே கிடக்கும்.

சுகாதாரப் பணியாளர்:
ஒன்று விட்டுப்போனது. கைக்குழந்தையின் மலத்தைக் கொல்லையில் வீசாமல் கழிப்பறையிலேயே கொட்டுங்கள். கீரையைக் குளோரின் நீரில் முக்கினால் உருளைப்புழு முட்டை சாகாது. ஓடும் நீரில் இலை இலையாகத் தேய்த்துக் கழுவி, வேகவைத்து உண்ணுங்கள்.