வருசா வருசம் கம்ப்யூட்டர ஃபார்மட் பண்ணியே ஆகணுமா?

போட்டோஸ்டெட் அக்கா, சுங்கை சிப்புட்:
வணக்கம். டவுன்ல சின்னதா ஒரு போட்டோஸ்டெட் கடை வச்சிருக்கேன், தோட்டத்து ஆளுங்க வந்து இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பாரம், பிள்ளைங்க ஸ்கூல் பாரம், கல்யாண கார்டு எல்லாம் அடிச்சிட்டு போவாங்க. கம்ப்யூட்டர் பழசுதான், இன்டெல் ஐ5 ஆறாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம், ஒரு டெராபைட் ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 10. காலையில சுவிட்ச போட்டுட்டு எதுத்த கடையில பசியாறிட்டு வந்தாலும் இன்னும் வட்டம் சுத்திக்கிட்டுதான் இருக்கு. வேர்டு திறந்தா அப்படியே உறைஞ்சு நிக்குது, கஸ்டமர் முன்னாடி மானம் போகுது லா.

இங்க ரிப்பேர் கடைக்காரரு, காடிக்கு சர்வீஸ் மாதிரி இதுக்கும் வருசம் ஒருதடவை ஃபார்மட் அடிக்கணும், அதாவது எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ புதுசா ஏத்தணும்ங்கிறாரு. போன வருசம் அவர்தான் அடிச்சு குடுத்தாரு, 80 வெள்ளி. கொஞ்ச நாள் பறந்துச்சு, அப்புறம் பழைய குருடி கதவ திறடி. ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் டிரைவர், தமிழ் ஃபோன்ட், பாஸ்வேர்டுன்னு எல்லாத்தையும் மறுபடி முதல்லேர்ந்து போடணும், அத நெனைச்சாலே அலுப்பா இருக்கு. தம்பி மவன் என்னடான்னா அதெல்லாம் அந்தக் காலம்ங்கிறான். யாரு சொல்றது சரி?

குருவிக்கூடு:
தம்பி மவன் சொல்றதுதான் சரி அக்கா. ஆனா அந்தக் காலத்துல அதுக்கு காரணம் இருந்துச்சு. விண்டோஸ் 98-ல ஒரு புரோகிராம் ஏத்துனா அது பாட்டுக்கு இன்னொண்ணும் சேந்து பயன்படுத்துற டிஎல்எல் ஃபைல் மேலயே தன்னோட பழைய வெர்ஷன எழுதிட்டு போயிடும், புரோகிராம எடுத்தாலும் விண்டோஸ் செட்டிங் எல்லாம் இருக்குற ரெஜிஸ்ட்ரியில குப்ப தங்கிடும், ஃபேட்32ங்கிற பழைய முறையில இருந்த டிஸ்க்ல ஒரே ஃபைலு பத்து எடத்துல துண்டு துண்டா கெடக்கும், அத ஒண்ணா சேக்குற டிஃப்ராக் ஓடவிட்டு நாமதான் படுக்க போகணும். 2001-ல விண்டோஸ் எக்ஸ்பி வந்தப்ப வீட்டு கம்ப்யூட்டரும் ஆபீஸ்ல ஓடுன உறுதியான விண்டோஸ் என்டி பக்கம் போயிடுச்சு, விஸ்டாலேர்ந்து டிஃப்ராக் வாரா வாரம் தானா ஓடுது. காரணம் போச்சு, பழக்கம் மட்டும் நின்னுடுச்சு.

ஃபார்மட் பண்ணதும் ஏன் பறக்குதுன்னு கேப்பீங்க. ஸ்டார்ட் பண்றப்பவே கூட ஓடுற பிரிண்டர் புரோகிராம், கிளவுட் சிங்க், அப்டேட்டர் எல்லாம் ஒட்டுமொத்தமா காலி ஆயிடுது, அதான். நீங்க ஒண்ணொண்ணா திரும்ப ஏத்த ஏத்த பழையபடி ஆயிடும். அத நிறுத்தணும்னா டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் டேப் போய் வேணாததுக்கு டிசேபிள் குடுத்தா போதும், யாருக்கும் காசு குடுக்க வேணாம்.

ஆனா உங்க கேஸ்ல எனக்கு சந்தேகம் ஹார்ட்டிஸ்க் மேலதான். சுத்துற டிஸ்க் செகண்டுக்கு நூறு சொச்சம் சின்ன ரீட்தான் தாங்கும், சுத்துற பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஆயிரக்கணக்குல தாங்கும். விண்டோஸ் 10 பின்னாடி ஃபைல் தேட இண்டெக்ஸ், வைரஸ் பாக்குற டிஃபெண்டர், அப்டேட்னு அத கசக்கிக்கிட்டே இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதுல டிஸ்க் எத்தன பர்சன்ட்னு பாருங்க, அப்புறம் டிஸ்க் நல்லா இருக்கான்னு காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு சின்ன இலவச புரோகிராம் இருக்கு, அதுல என்ன கலர் காட்டுதுன்னும் சொல்லுங்க.

ஸ்க்ரூடிரைவர், கோலகங்சார்:
நானும் ரிப்பேர் கடைக்காரன்தான், எங்க ஆளுங்கள ரொம்ப திட்டாதீங்க பாஸ். காலையில ஸ்லோன்னு கொண்டாந்து வச்சிட்டு சாயந்தரமே வேணும்பாங்க. எங்க கோளாறுன்னு தேடுனா அரைநாள் ஓடிடும், அதுக்கு காசு கேட்டா ஒண்ணுமே மாத்தலையே எதுக்கு காசும்பாங்க. ஃபார்மட்னா மட்டும் மறுபேச்சு இல்லாம குடுப்பாங்க. அப்ப நாங்க எத செய்வோம்?

ஃபார்மட் தேவைப்படுற எடமும் இருக்கு. வைரஸ் ஆழமா எறங்கிட்டா, யாரோ கிராக் போட்டு ஏத்துன விண்டோஸா இருந்தா, செகண்ட் ஹேண்டா வாங்குனா, வித்தா, இல்ல சிஸ்டம் ஃபைலு ஒடைஞ்சு அத சரி பண்ற எஸ்எஃப்சி, டிஸ்ம் கமாண்ட் ரெண்டும் ஓட்டியும் சரி வரலன்னா யோசிக்காம அடிச்சிடலாம். மத்தபடி வருசத்துக்கு ஒண்ணுங்கிறது வியாபாரம், அத நான் மறுக்கல. அப்புறம் அக்கா, கடை ரோட்டோரமா இருந்தா கேஸ திறந்து ஃபேன்ல தூசிய பாருங்க, சூடு ஏறுனா புராசஸர் தானாவே வேகத்த கொறச்சுக்கும், ஃபார்மட் அடிச்சா தூசி போகாது.

போட்டோஸ்டெட் அக்கா:
பாத்தேன் தம்பி. ஒரு புரோகிராமும் திறக்காமலே டிஸ்க் 100 பர்சன்ட்ல செகப்பா நிக்குது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல மஞ்சளா காஷன்னு போட்டுருக்கு, சி5ங்கிற வரியில ஏதோ நம்பர் ஏறியிருக்கு. இப்ப ஃபார்மட் பண்ணா சரியாயிடுமா?

குருவிக்கூடு:
தொடாதீங்க அக்கா! சி5ன்னா டிஸ்க்ல சில எடத்த படிக்க முடியாம திணறுதுன்னு அர்த்தம். அந்த எடம் வந்தா திரும்ப திரும்ப முயற்சி பண்ணும், உங்க வேர்டு உறையறதும் பெரும்பாலும் அதனாலதான் இருக்கும். ஃபுல் ஃபார்மட் குடுத்தீங்கன்னா டிஸ்க் முழுக்க மேல எழுதிடும், உள்ள உள்ளதும் போயிடும். குயிக் ஃபார்மட்டுக்கும் அந்த மோசமான எடம் குணமாகப் போறதில்ல.

இன்னைக்கே எக்ஸ்டர்னல் டிஸ்க் எடுத்து முக்கியமான ஃபைல மொதல்ல காப்பி எடுங்க, படமெல்லாம் அப்புறம். பிறகு ஒரு 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கி அதுல விண்டோஸ புதுசா ஏத்துங்க. லைசன்ஸ் கவல வேணாம், ஒரிஜினல் விண்டோஸ்னா டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோட ஒட்டி இருக்கும், நெட் கனெக்ட் பண்ணா தானா ஆக்டிவேட் ஆயிடும்.

இன்னொண்ணு, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லேயே சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. உங்க ஆறாவது ஜெனரேஷன் விண்டோஸ் 11 லிஸ்ட்ல இல்ல, இன்டெல்ல பெரும்பாலும் எட்டாவதுலேர்ந்துதான். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் போய் இஎஸ்யூங்கிற கூடுதல் அப்டேட் திட்டத்துல பதிஞ்சிட்டா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். கடையில அடுத்தவங்க ஐசி (அடையாள அட்டை), பேங்க் பேப்பர் எல்லாம் ஸ்கேன் பண்றீங்க, அதனால இத விட்டுடாதீங்க.

ஓய்வு வாத்தியார்:
காப்பி எடுக்குறப்ப ஃபோன்ட்ட மறந்துடாதம்மா. எல்லா கம்ப்யூட்டர்லயும் தமிழ ஒரே மாதிரி காட்டுற யூனிகோடுக்கு முந்தி டைப் பண்ண கோயில் அழைப்பிதழ், சங்கத்து கணக்கு மாதிரி ஃபைல் இருந்தா, அந்தப் பழைய ஃபோன்ட் இல்லாம திறந்தா வெறும் கிறுக்கலாத்தான் தெரியும். நம்ம மலேசியா முத்து நெடுமாறனோட முரசு அஞ்சல்ங்கிற தமிழ் சாஃப்ட்வேர்ல அடிச்ச பழைய ஃபைலு எங்கிட்டயே நெறைய கெடக்கு. சி டிரைவ்ல விண்டோஸ் உள்ள ஃபோன்ட்ஸ்னு இருக்குற ஃபோல்டர அப்படியே எடுத்து வச்சிக்க. அங்க இல்லன்னா உன்னோட யூசர் ஃபோல்டர்ல ஆப்டேட்டா உள்ள தேடிப் பாரு, அது மறைஞ்சிருக்கும், வியூ போய் ஹிட்டன் ஐட்டம்ஸ டிக் பண்ணாதான் தெரியும். ரிசெட் பண்றப்ப கீப் மை ஃபைல்ஸ்னு குடுத்தாலும் ஃபோன்ட்ட காப்பாத்தும்னு நம்பாத.

போட்டோஸ்டெட் அக்கா:
நல்ல வேளை சொன்னீங்க சார், மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அந்த மாதிரி பழைய ஃபோன்ட்லதான் இருக்கு. காப்பி ஓடிக்கிட்டிருக்கு, ஒரு ஃபோல்டர்ல மட்டும் நகரவே மாட்டேங்குது.

ஸ்க்ரூடிரைவர், கோலகங்சார்:
அந்த ஃபோல்டர ஸ்கிப் பண்ணிட்டு மத்தத முடிங்க, கடைசியா அதுக்கு வரலாம். ஞாயித்துக்கிழமை ஈப்போ போறேன், எஸ்எஸ்டி வேணும்னா சொல்லுங்க, வாங்கிட்டு வர்ற வழியில கடையில குடுத்துட்டு போறேன். மாட்டுறதுக்கு காசு வாங்குவேன்லா, முன்கூட்டியே சொல்லிட்டேன்.