சொந்தப் பட்டறை: வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

கேள்வி

வணக்கம். பல ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகக் கார் பட்டறை நடத்தி வருகிறேன். வேலையில் குறை வைப்பதில்லை. ஆனாலும் புதிதாக வருபவர்கள், நான் பழுதைச் சொல்லத் தொடங்கும்போதே முகம் மாறிவிடுகிறார்கள். சென்ற வாரம் ஆயில் மாற்ற வந்த ஒருவரிடம், முன்சக்கர பிரேக் பேடுகள் தேய்ந்துவிட்டன, உடனே மாற்ற வேண்டும் என்றேன். "நான் ஆயில் மாற்றத்தானே வந்தேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பேடுகளில் 2 மில்லிமீட்டர்தான் மிச்சமிருந்தது. வேலை கைவிட்டுப் போனதைவிட, அவர் அந்த பிரேக்கோடு ஓட்டிச் சென்றதுதான் மனதை உறுத்துகிறது. நான் எப்படிப் பேசியிருக்க வேண்டும்?

பதில் 1 (கார் உரிமையாளர்)

அவர் இருந்த இடத்தில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். ஒருமுறை என் காரின் என்ஜின் நடுங்கி, எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. முதலில் போன பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, பி0301 என்று வந்ததும் ஸ்பார்க் பிளக், பிறகு இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பில் போட்டார்கள். விளக்கு மட்டும் அணையவே இல்லை. அந்தக் குறியீடு முதல் சிலிண்டரில் எரிப்பு சரியாக நடக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை என்பதை எனக்கு விளக்கியவர் அடுத்ததாக நான் போன மெக்கானிக்.

அவர் என்னை பானெட் அருகே நிற்கவைத்து, முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதில் இருந்ததை முதலாவதிலும் மாட்டினார். குறியீட்டை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தபோது, இம்முறை பி0303 என்று வந்தது. "பாருங்கள், காயில் போன இடத்துக்கே பழுதும் போய்விட்டது" என்றார். அதற்குமேல் எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து என் வண்டியை அவரிடம்தான் விடுகிறேன்.

பதில் 2 (பட்டறை நடத்துபவர்)

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பிரேக்கில் அதைச் செய்வது இன்னும் எளிது. சக்கரத்தைக் கழற்றிய நிலையில் வாடிக்கையாளரை அழைத்து, தேய்ந்த பேடின் பக்கத்தில் ஒரு புதிய பேடைப் பிடித்துக் காட்டுங்கள். புதியதில் உராய்வுப் பகுதி பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்றிவிடுவதே வழக்கம். வெளிப்பக்கப் பேடை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி (pin) இறுகியிருந்தால் உட்பக்கப் பேடு பல மடங்கு வேகமாகத் தேய்ந்திருக்கும், அது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. நான்கு சக்கரங்களின் அளவையும் ஓடிய கிலோமீட்டரோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை வரும்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அவரே கணக்கிட்டுக்கொள்வார்.

இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள். எது இன்றே செய்ய வேண்டியது, எது அடுத்த சர்வீஸ் வரை தாங்கும் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். "இது இப்போது வேண்டாம்" என்று நான் சொன்ன பிறகுதான், "இதை மாற்றியே ஆக வேண்டும்" என்று நான் சொன்னதைப் பலர் நம்பத் தொடங்கினார்கள். உதிரிபாகத்தின் விலையையும் வேலைக்கூலியையும் எஸ்டிமேட்டில் தனித்தனியாகக் காட்டுவது, பழுதைக் கண்டுபிடிக்கவே கட்டணம் உண்டென்றால் வண்டியில் கைவைக்கும் முன்பே சொல்லிவிடுவது, இடையில் வேலை கூடினால் தொலைபேசியில் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகே தொடர்வது, கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே எடுத்துக் காட்டுவது ஆகியவை நீங்கள் அறிந்தவைதான். வேலை மிகுந்த நாளில் முதலில் விட்டுப்போவதும் இவைதான்.

பதில் 3

புகைப்படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எந்த வண்டியின் படம் என்று தெரியாத ஒரு பேடின் படத்தால் சந்தேகம் தீராது. நேரில் வர இயலாதவருக்கு, வண்டி எண்ணில் தொடங்கிச் சக்கரம் வரை வெட்டாமல் எடுத்த காணொளியை அனுப்புங்கள். அவர் வேறொரு மெக்கானிக்கிடம் கேட்க விரும்பினால் முகம் சுளிக்காமல் அளவுகளை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் அளவும் அங்கே எடுத்த அளவும் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் உங்களிடமே திரும்பி வருவார்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. யோசித்துப் பார்த்தால், நான் அன்று பேடைக் காட்டவே இல்லை. பில் போடும் மேசையில் நின்றுகொண்டு வாயால் மட்டும்தான் சொன்னேன். இன்று அவரைத் தொலைபேசியில் அழைத்து, கட்டணம் எதுவும் வேண்டாம், சக்கரத்தைக் கழற்றி அளந்து காட்டுகிறேன், எங்கே மாற்றுவது என்பதைப் பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். நாளைக் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.